நாச்சிமுத்து மகளின் தோல்

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில், கோழிப்பண்ணை வாடையும் ஈயும் டிக்கெட் எடுக்காமலேயே பஸ்ஸில் ஏறிக் கூட வருகிற அந்தப் பக்கத்தில், கொன்னமரத்தூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் கோழிப்பண்ணை நாச்சிமுத்துவின் மகள் கனிஷ்கா, மாதப் பரீட்சை நாளொன்றின் காலையில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை தன் தோலை முழுசாக உரித்துப் பக்கத்தில் போட்டுவிட்டு, "அம்மா, சுடுதண்ணி காஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தாள்.

அவளை எழுப்பப் போன அம்மா சம்பூரணம் பாயைப் பார்த்தாள். வெங்காயச் சருகு கணக்காக, கையும் காலும் விரல் மடிப்பும், முழங்கையில் சொறிந்து சொறிந்து தடித்த இடமும்கூட அப்படி அப்படியே இருக்க, இன்னொரு கனிஷ்கா ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தாள். சம்பூரணம் கத்தவில்லை. கத்துவதற்கு நேரமில்லை, கோச்சிங் சென்டர் வேன் வந்துவிடும். சேலையை மடிப்பதுபோல் அதை நான்காக மடித்தாள், எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பவும் பிரித்தாள், கடைசியில் வாசல் கொடியில் நாச்சிமுத்துவின் பனியனுக்கும் தலையணை உறைக்கும் நடுவில் போட்டு இரண்டு கிளிப்பும் மாட்டினாள்.

பல் விளக்கிக்கொண்டு வந்த நாச்சிமுத்து நின்று பார்த்தான். "என்னது சம்பூரணம் அது?"

"உங்க புள்ளையோட தோலுங்க."

"அப்பிடியா? வெயில்ல போடாதே, சுருங்கிப் போகும்."

அவ்வளவுதான் பேச்சு. அதிசயம் நடக்கிற வீட்டில் அதிசயத்தைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் இருக்கிறது, இட்லிக்குச் சட்னி அரைக்க வேண்டாமா?

நாச்சிமுத்து கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நமக்கும் வேலை மிச்சம், நாலு திட்டுத் திட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். கூண்டு கூண்டாய்க் கோழி வைத்து லாரி லாரியாய் முட்டை அனுப்புகிறவன்தான், கையில் காசும் இருந்தது, ஆனால் உடம்பில் ஒட்டிய கோழி எச்ச வாடை எந்தச் சோப்புக்கும் போகவில்லை. கல்யாணப் பந்தியில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் யாரையோ தேடுவதுபோல எழுந்து, இரண்டு இலை தள்ளிப் போய் உட்கார்வார். ஊரில் எவன் வீட்டுச் சோற்றில் ஈ விழுந்தாலும் "நாச்சிமுத்து வளர்த்த ஈ" என்று அதற்கு அப்பன் பேர் வைப்பார்கள். இதையெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான். கேட்டதெல்லாம் உள்ளே போய் ஒரே ஒரு ஆசையாக உறைந்து கிடந்தது: மகள் டாக்டராக வேண்டும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் "டாக்டரம்மா, நாடி பாருங்க" என்று நிற்க வேண்டும், அப்போது எவன் மூக்கைப் பொத்துகிறான் என்று பார்க்க வேண்டும்.

முதல் தடவை எழுதிய நீட் பரீட்சையில் கனிஷ்காவுக்குக் கொஞ்சம் மார்க்கில் இடம் கை நழுவியது. அன்றைக்கு அந்த வீட்டு டிவியின் மேல் போட்ட துணி போட்டபடியே கிடந்தது. விருந்தாளி வருவது நின்றது. குக்கர் விசிலைக்கூடச் சம்பூரணம் பயந்து பயந்துதான் விட்டாள். இரண்டாம் தடவைக்குப் படிக்க உட்கார்ந்த மகளிடம் நாச்சிமுத்து, "இந்தத் தடவ மட்டும் மார்க்கு கொறஞ்சுது, தோல உரிச்சுப்போடுவேன்" என்றான். நாட்டில் எந்த அப்பன்தான் இதைச் சொல்லவில்லை? சொல்கிற எவனும் அதை நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிற எந்தப் பிள்ளையும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தோல் உரிவதற்கு முன்னால் பல மாதம் அரிப்பு இருந்தது. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்து, சொறிந்தால் நீர் கசிந்து, இரவெல்லாம் தூங்கவிடாமல் படுத்தியது. சம்பூரணம் குப்பைமேனி அரைத்துப் பூசினாள், வேப்பிலை போட்டுக் குளிக்க வைத்தாள். நாச்சிமுத்து கத்தரிக்காயும் கருவாடும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டான். அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது. பரீட்சை நெருங்கினால் வந்தது. அத்தை வீட்டுக்குப் பொங்கலுக்குப் போய், அத்தை மகளோடு மாட்டுக்கு வர்ணம் பூசி, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வந்தால் மாயமாகிப் போனது.

இதை நாச்சிமுத்து கவனித்தான். கவனிக்காமல் இருக்க முடியுமா, கோழிக்காரன் ஆயிற்றே! கொட்டகைக்குள் ஒரு தெருநாய் நுழைந்து போனால் போதும், அடுத்த வாரம் கோழி இறகு உதிர்க்கும். தீவனம் மாறினால் உதிர்க்கும், பக்கத்தில் வெடி வைத்தால் உதிர்க்கும். எந்தக் கோழிக்கு என்ன பயம் என்று இறகைப் பார்த்தே சொல்லிவிடுவான். மகளின் முழங்கையைப் பார்த்தபோதும் அவனுக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் கத்தரிக்காயின் மேல் பழியைப் போட்டான் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது அவன் பாவம்.

உரித்துப் போட்டுவிட்டுப் போன அன்றைக்கு எழுதிய பரீட்சையில் கனிஷ்கா சென்டரிலேயே முதலாவதாக வந்தாள். நாச்சிமுத்துவின் மனசில் பளிச்சென்று ஒரு கணக்கு விழுந்தது. முட்டை குறைந்துபோன கோழிகளை என்ன செய்வான் அவன்? தீவனத்தை நிறுத்துவான், விளக்கை அணைப்பான். பட்டினியிலும் இருட்டிலும் அவை இறகையெல்லாம் கொட்டி, பார்க்கச் சகிக்காமல் எலும்பும் தோலுமாக நிற்கும். பிறகு தீவனம் போட்டால் புது இறகு முளைத்து, புதுக் கோழி கணக்காக மறுபடி முட்டை போடும். தொழிலில் இதை எல்லாரும் செய்வார்கள். அதே கணக்கை அவன் பெற்ற பிள்ளைக்கும் போட்டான். உரியட்டும், உரிந்தால்தானே புதுசு வரும் என்று நினைத்தான். வேறு தொழில் செய்கிற எந்த அப்பனுக்கும் இந்தப் புத்தி போயிருக்காது.

கொடியில் ஆடிய தோலை முதலில் கேட்டு வந்தவள் பக்கத்து வீட்டு ருக்குமணி. அவள் மகன் பிளஸ் டூ, பரீட்சைத் தாளைப் பார்த்தாலே கை நடுங்கி, படித்ததெல்லாம் மறந்துபோகிறவன். "ஏனுங்க சம்பூரணம், பாம்புச் சட்டைய வீட்ல வெச்சா நல்லதும்பாங்க, இது அதுக்கும் மேலயில்ல? ஒரு மாவெல அளவு குடுங்க, பையன் பென்சில் டப்பால போட்டு வெக்கறேன்" என்று கேட்டாள். சம்பூரணம் தோள்பட்டை ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். பையனுக்கு அன்றைக்கே கை நடுக்கம் நின்றது. அவன் கழுத்தில் இருந்த தேமலும் மறைந்தது என்று ருக்குமணி சொன்னாள், அதை அவள் எத்தனை பேரிடம் சொன்னாள் என்று கேட்காதீர்கள், ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பரீட்சைக்குப் பரீட்சை கனிஷ்காவின் தோல் உரிந்தது, கொடிக்கு வந்தது. பிறகு வந்தார்கள் பாருங்கள்! பெண் பார்க்க வரும் நாளில் முகமெல்லாம் பரு பொங்கி நிற்கிற பெண்கள் வந்தார்கள், ஆடிட் வருகிறது என்றால் உள்ளங்கை உரிகிற சொசைட்டி கிளார்க் வந்தார், மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே உடம்பெல்லாம் தடிக்கிற மருமகள் வந்தாள், அந்த மருமகளுக்குப் பயந்து தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிற மாமியாரும் அதே பஸ்ஸில் பின்சீட்டில் வந்தாள். ஒரு துண்டைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தவர்களுக்கு அரிப்பு அடங்கியது, தூக்கம் வந்தது, காலையில் கண்ணாடியில் வேறு முகம் தெரிந்தது. அவர்களுக்குள் கிடந்து கொதித்ததையெல்லாம் அந்தப் பதினெட்டு வயசுப் பெண்ணின் உரித்த தோல் உறிஞ்சிக்கொண்டது.

ஊர் அதைத் தன் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. கண்டக்டர் "தோல் வீடு எறங்குங்க" என்று குரல் கொடுக்கப் பழகினார். எதிரே ஒரு டீக்கடையும், டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடையும் முளைத்தன. கூட்டத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று பஞ்சாயத்து ஒரு குழாய் போட்டது. கர்ப்பிணிக்கு முதலில், பரீட்சை எழுதுகிறவனுக்கு அடுத்து, கடன்காரன் கடைசியில் என்று முறை வைத்தார்கள். துண்டு பெரிசு சின்னது என்று சண்டை வந்தபோது, மாவிலை அளவுதான், அதற்கு மேல் யார் கேட்டாலும் இல்லை என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். எல்லாவற்றையும் பேசினார்கள். உரிகிற பிள்ளைக்கு வலிக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அது கேட்கக்கூடாத கேள்வி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நாச்சிமுத்து யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அதில் அவனுக்குக் கௌரவம். வேறொன்று கிடைத்தது. மாரியம்மன் பண்டிகையில் தர்மகர்த்தா அத்தியப்பன் அவனைக் கூப்பிட்டு முன்வரிசையில் நிறுத்தி, பூசாரியிடம் சொல்லி, அவன் தலையில் பரிவட்டம் கட்ட வைத்தார். கட்டின பட்டுத் துணியோடும் கழுத்தில் மாலையோடும் தேருக்கு முன்னால் நாச்சிமுத்து நடந்து வந்தான். இரண்டு பக்கமும் சனம் கும்பிட்டது. ஒருத்தர் மூக்கைப் பொத்தவில்லை. ஈ அன்றைக்கும் இருந்தது, யாரும் அதற்கு அப்பன் பேர் சொல்லவில்லை. வீட்டு வாசலில் நின்று கனிஷ்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அழுதுகொண்டே சிரித்தான்.

தீபாவளி லீவில் அவள் அத்தை வீட்டுக்குப் போனாள். நன்றாகத் தூங்கினாள், நன்றாகத் தின்றாள், அத்தை மகளோடு ஸ்கூட்டி ஓட்டிப் பழகி வரப்பில் விழுந்தாள். திரும்பி வந்தபோது கன்னம் மினுமினு என்றிருந்தது. நாள் போனது, தோல் உரியவில்லை. வாசலில் சனம் நின்றது, "இன்னிக்கு இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனது, மறுநாள் வந்தது. டீக்கடைக்காரர், "என்னங்க நாச்சிமுத்து, தோல் தீந்து போச்சா?" என்று சும்மா கேட்டார். சும்மாதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியில் நாச்சிமுத்துவுக்குப் பழைய வாடை அடித்தது.

அன்றைக்கு மாலை மகள் பால் குடித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "ஏங்கண்ணு, பரமத்தியிலிருந்து ஒரு புள்ள உங்க சென்டர்ல புதுசாச் சேந்திருக்குதாமா? பேரு ஹரிணின்னாங்க. நேத்து டெஸ்ட்டுல உன்னத் தாண்டிருச்சாம்."

அப்படி ஒரு பிள்ளை இல்லை. பரமத்தியிலும் இல்லை, சென்டரிலும் இல்லை. நாவில் வந்தது, சொன்னான். மறுநாள் காலை பாயில் தோல் கிடந்தது.

ஒருமுறை கை கண்டுகொண்டால் கொட்டகை விளக்கை அணைப்பது எவ்வளவு சுலபம்! ஹரிணி வளர்ந்தாள். விடியுமுன் எழுந்து படிக்கிற பிள்ளை ஆனாள், போன் தொடாத பிள்ளை ஆனாள், அவள் அப்பா சாதாரணக் கூலிக்காரர், ஆனாலும் பிள்ளை பெயரைக் காப்பாற்றுகிறாள் என்று ஆனாள். கூட்டம் பெருகுகிற வாரத்தில் ஹரிணி நிறைய மார்க் வாங்கினாள். நாச்சிமுத்து ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டான். நெஞ்சு குறுகுறுக்கும்போதெல்லாம், "கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தப் பழமொழியைச் சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை? அவன் பண்ணையில் எந்தக் கோழியும் தன் குஞ்சின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

தோல் மெலிந்துகொண்டே வந்தது. கொடியில் போட்டால் பின்னால் இருக்கிற முருங்கைமரம் தெரிந்தது. அடியில் வந்த புதுத் தோலும் மெலிந்தது. யூனிஃபார்ம் பட்டாலே கனிஷ்காவுக்கு எரிந்தது. பேனா பிடித்த தடம் சாயங்காலம்வரை மறையவில்லை. கிட்டே நின்று பார்த்தால் மணிக்கட்டில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. யாராவது கோபமாக வாசலைக் கடந்தால்கூட அவள் கை சிவந்தது. மார்க்கும் இறங்கிவிட்டது, ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை, நாச்சிமுத்துவே கவனிக்கவில்லை. எதற்காக ஆரம்பித்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

சம்பூரணம்தான் பிடிவாதமாக மகளையும் அவனையும் நாமக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தோல் டாக்டர் ரெஜினாவுக்கு மதியச் சாப்பாடு இன்னும் முடியவில்லை, டிபன் பாக்ஸை ஓரம் தள்ளிவிட்டுக் கனிஷ்காவின் கையைத் தொடாமல் விளக்கை மட்டும் காட்டிப் பார்த்தார்.

"முழுசா உரியுதா?"

"முழுசாத்தானுங்க."

"ம். போன வருசம் ஒரு பேங்க் மேனேஜர் வந்தாரு, இப்பிடித்தான். கருவுல தோலும் நரம்பும் ஒரே எடத்துல இருந்து உண்டாகறதும்மா, ரெண்டும் கூடப்பொறந்ததுக. ஒண்ணு பயந்தா இன்னொண்ணு சும்மா இருக்காது. நாய் தொரத்துனா ஒடம்பு ஓடறதுக்குத் தயாராகும், நாய் போனதும் அடங்கிரும். நாய் போகவே இல்லேன்னா? தோலுக்குள்ள இருக்கற சொவரு இடியும், ஈரம் நிக்காது, அரிக்கும், சொறிஞ்சா தூக்கம் போகும், தூக்கம் போனா இன்னும் அரிக்கும். சுத்திச் சுத்தி இதேதான்."

களிம்பு எழுதிக் கொடுத்தார். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும், குளித்து ஈரம் காயுமுன்னே பூசணும், பருத்தித் துணி, அரித்தால் நகம் படாமல் தட்டிக் கொடுக்கணும், தூக்கத்தை யாருக்காகவும் வெட்டக்கூடாது, காலாற நடக்கணும், மூச்சை மெதுவாக விடணும், மனசில் கிடப்பதை யாரிடமாவது சொல்லிவிடணும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாச்சிமுத்துவைப் பார்த்தார். "இதெல்லாம் பாதிதான். தொரத்தற நாய் எது? வீட்ல என்ன நடக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றான் நாச்சிமுத்து.

அவன் அதைச் சொன்ன நேரத்தில் கனிஷ்காவின் இடது கன்னம், அவன் பக்கமாக இருந்த கன்னம், சிவந்தது. டாக்டர் பார்த்தார், சம்பூரணம் பார்த்தாள், அவனும் பார்த்தான். திரும்பி வருகிற வழி முழுக்க அவன் தன் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே வந்தான். அவனுக்கும் அரிப்பு வந்துவிட்டது. ஆனால் ரத்தம் வருகிறவரை சொறிந்தும் அவன் தோல் ஒரு பொட்டும் உரியவில்லை. கெட்டித் தோல்.

மாசியில் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. ஒரு முழுத் தோல், வெட்டாதது, கலசத்தில் சுற்ற வேண்டும், அப்போதுதான் இந்தச் சீமைக்கே கவலை வராது என்று யாரோ சொல்ல, எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் அத்தியப்பன் எழுந்து, "நாச்சிமுத்து மாப்ள, நீங்க மனசு வெச்சா ஆவாத காரியமா?" என்று கேட்டார். அவர் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. நாச்சிமுத்து வாக்குக் கொடுத்துவிட்டான்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் காலையிலேயே வாசலில் மேளம் வந்து நின்றது. தாம்பாளத்தில் பட்டு விரித்துக் காத்திருந்தார்கள். பாயில் தோல் இல்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் சம்பூரணம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ததில் உரிவது நின்றிருந்தது. உரித்தால் இன்னும் ஒன்று உரியும், ஆனால் அதற்கடியில் என்ன இருக்கும் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். எலும்பும் தோலுமாக நின்ற கோழிகளில் எல்லாமா திரும்ப இறகு முளைத்து எழுந்தன? எழாததைச் சாக்கில் போட்டு அவன்தானே தூக்கிப் போயிருக்கிறான்?

தெரிந்தும் மகளின் அறைக்குப் போனான். கால் போனது.

கனிஷ்கா ஜன்னலோரம் உட்கார்ந்து முழங்கையில் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் காதை ஊடுருவ, காது மடலில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. அவன் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்.

"பரமத்திப் புள்ள இன்னிக்கு என்ன பண்ணுனாப்பா?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லுங்க. மேளக்காரங்க ரொம்ப நேரமா நிக்கறாங்க."

"கண்ணு... உனக்கு..."

"ரெண்டாவது தடவ சொன்னீங்கல்ல, அப்பவே சென்டர் ஆபீஸ்ல கேட்டேன். அப்பிடி யாருமே இல்லேன்னாங்க." அவள் களிம்பு மூடியைத் திருகினாள். "பொய்யின்னு எனக்குத் தெரியும்ப்பா. தோலுக்குத் தெரியல. ஹரிணின்னு நீங்க ஆரம்பிச்சாலே அதுக்கு எரிஞ்சிருது. நான் என்ன சொன்னாலும் அது கேக்க மாட்டேங்குது."

"ஏங்கண்ணு, அப்பவே அப்பன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்ல? மூஞ்சிலயே கேட்டிருக்கலாமல்ல?"

"கேக்கோணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மறுபடி உங்களுக்குப் பரிவட்டம் கட்டறாங்கன்னு அம்மா சொல்லுச்சு. முன்ன அதத் தலையில கட்டிட்டு வந்தீங்களே, அன்னிக்கு மாதிரி நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சரி, தோலுதானேன்னு விட்டுட்டேன்." அவள் கையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணு வேணும்னா சொல்லுங்க. ஆனா இதுக்குக் கீழ ஒண்ணும் இல்லப்பா."

நாச்சிமுத்து வெளியே வந்தான். வந்தவன் நேராக வாசல் படியில் ஏறி நின்றான். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஊர் காறித் துப்ப வேண்டும், அத்தியப்பன் கையால் அறை வாங்க வேண்டும், அப்போதுதான் இந்த நெஞ்சு இறங்கும் என்று இருந்தது அவனுக்கு. மேளம் நின்றது. அவன் அடித்தொண்டையிலிருந்து கத்தினான்: "கேளுங்க எல்லாரும்! நான் பாவி! எம் புள்ளைய நாந்தான் பொய் சொல்லிச் சொல்லி..."

"பேசாதீங்க!" என்று உள்ளேயிருந்து சம்பூரணம் அலறினாள். "உங்க சத்தத்துக்கே புள்ளைக்கு ஒடம்பெல்லாம் செவக்குதுங்க! வாய மூடுங்க!"

அவன் வாய் திறந்தபடி நின்றது. உள்ளே மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. பொய் சொன்ன குரலும் அதுதான், உண்மை சொல்ல வந்த குரலும் அதுதான், அந்தத் தோலுக்கு இரண்டும் ஒன்று. பாவத்தைச் சொல்லி இறக்கி வைக்கலாம் என்று வந்தவனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவன் மெதுவாக வாயை மூடினான். ஊர் முழுவதையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு வெறும் தாம்பாளத்தை எடுத்து அத்தியப்பன் கையில் கொடுத்தான்.

அத்தியப்பன் தாம்பாளத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "என்ன மாப்ள, ஒரு வார்த்த சொன்னா ஆவுற காரியத்துக்கு..." என்று தணிந்த குரலில் ஆரம்பித்தார். அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு விளங்கியது, இவர்களுக்கும் தெரியும். எப்படி உரிகிறதென்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளை பெற்றவர்கள்தானே எல்லாரும்? அவன் தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று.

சனம் கொஞ்ச நேரம் நின்றது. ருக்குமணி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், வெயில் ஏறியதும் கலைந்தார்கள். கலசத்தில் வெறும் பட்டுத் துணியையே சுற்றினார்கள், கும்பாபிஷேகம் நடந்தது, மழையும் பெய்தது. அந்தக் கோடையில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வாத்தியாரம்மாவின் கண்ணீர் கல்கண்டாக விழுகிறது என்று கேள்விப்பட்டுக் கூட்டம் அங்கே திரும்பியது. டீக்கடையும் அங்கே போனது. ஈக்கு மறுபடி அப்பன் பேர் வந்தது. நாச்சிமுத்துவுக்கு அது உறைக்கவே இல்லை.

அவன் பண்ணையிலேயே தீவன அறையில் படுத்துக்கொள்கிறான். சம்பூரணம் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அவள் பேசுவாள், அவன் கேட்டுக்கொள்வான். கனிஷ்கா அந்த வருசம் பரீட்சை எழுதவில்லை. வெயில் ஏறுகிறவரை தூங்குகிறாள், எழுந்ததும் வெதுவெதுப்பாகக் குளிக்கிறாள், மாலையில் அத்தை மகளோடு சோளக்காட்டைச் சுற்றி நடக்கிறாள், மனசில் கிடப்பதையெல்லாம் அவளிடம் கொட்டுகிறாள். மணிக்கட்டில் ரத்தம் ஓடுவது இப்போது தெரிவதில்லை.

மாலை வெளிச்சத்தில் நாச்சிமுத்து வீட்டு வாசலுக்கு வெளியே வந்து நிற்பான். சட்டையைச் சரிசெய்துகொள்வான், தொண்டையைச் செருமிக்கொள்ளவும் பயந்து எச்சிலை விழுங்கிக்கொள்வான். பிறகு ஒரே ஒரு தடவை, மெதுவாக, "கனிஷ்கா" என்பான். சமையல்கட்டில் நிற்கிற சம்பூரணம் உடனே மகளின் முன்கையைப் பிடித்து விளக்கடியில் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக அவனுக்குக் கையை ஆட்டுவாள், இன்னும் இல்லை, சிவக்கிறது என்று. அவன் திரும்பிப் போவான்.

போன வாரமும் வந்தான், கூப்பிட்டான். சம்பூரணம் வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னிக்குச் செவக்கலீங்க" என்றாள். "மயிருதான் சிலுத்துக்கிட்டு நிக்குது."

உள்ளேயிருந்து கனிஷ்கா, "அப்பா, நான் வேணும்னு பண்ணலப்பா, அதுவாத்தான்..." என்றாள்.

தெரியும் என்று சொல்ல அவனுக்கு வாய் வந்தது. அந்தக் கை இன்னொரு வார்த்தையைத் தாங்குமா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் பண்ணைக்கு நடந்தான்.